வீட்டுக்குள் வைக்கச் செடிகள்: காற்று சுத்தமாகுமா, எதை எங்கே வைப்பது?

மூணாவதுமாடி (கேள்வி)

வணக்கம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். வார்ட்ரோபும் மாடுலர் கிச்சனும் பிளைவுட்டில் அடித்து முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அலமாரிக் கதவைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் வாசனை. "நாசாவே சொல்லியிருக்கு, நாலு ஸ்நேக் பிளான்ட், ரெண்டு அரேகா பாம் வாங்கி வை, எல்லாத்தையும் உறிஞ்சிடும்" என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள்.

விவரம் இது. ஹால் 16 × 11 அடி. வடக்குப் பார்த்த பால்கனிக் கதவு வழியாக மட்டும்தான் வெளிச்சம். சோபா மூலை அங்கிருந்து 12 அடி உள்ளே, பகலிலேயே லைட் போட வேண்டும். படுக்கையறை 12 × 10, மேற்கு ஜன்னல், இரவில் ஏசி. போர் தண்ணீர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 1,100. ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் இருக்கின்றன.

வாசனைக்குச் செடி உதவுமா? எந்த இடத்துக்கு எந்தச் செடி? ஹால் பார்க்க நன்றாக இருக்கவும் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஜன்னலோரம்

முதலில் காற்று. இதை நம்பிச் செடி வாங்கினால் வாசனை அப்படியே இருக்கும், செடி மட்டும் போய்விடும்.

எல்லோரும் காட்டும் நாசா ஆய்வு 1989இல் வந்தது, வோல்வெர்ட்டன் செய்தது. ஆய்வு உண்மையானதுதான். ஆனால் சோதனை நடந்தது ஒரு கன மீட்டருக்கும் குறைவான, காற்றுப் புகாத பெட்டிக்குள். பென்சீன், ஃபார்மால்டிஹைடு, டிரைகுளோரோஎத்திலீன் இவற்றைப் பெட்டிக்குள் செலுத்தி, 24 மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். உங்கள் படுக்கையறை சுமார் 34 கன மீட்டர். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருக்கும். பிளைவுட் பசையும் ஒரு தடவை விட்டு நிற்காமல் நாள் முழுக்க வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் கிடைத்த முடிவு அறைக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸும் வேரிங்கும் இப்படிப்பட்ட 12 ஆய்வுகளில் இருந்த 196 சோதனை முடிவுகளை எடுத்து, ஒரே அளவுகோலுக்கு மாற்றிப் பார்த்தார்கள். 2019 நவம்பரில் வெளியானது. கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்று மாற்றம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்று வந்தது. உங்கள் அறை 11 சதுர மீட்டர். குறைந்த கணக்கிலேயே 110 தொட்டி. கட்டிலை வெளியே போட்டால்தான் அடங்கும்.

வாசனைக்குச் செய்ய வேண்டியது வேறு. பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளில் வரும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை சூட்டிலும் ஈரத்திலும்தான் அதிகமாக வாயு விடும். சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை. அதனால்:

அலமாரிக் கதவுகளையும் டிராயர்களையும் பகலில் திறந்து போட்டு, எதிரெதிர் ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். ஒரு ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் உள்காற்றை அது வெளியே தள்ளும். மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை சூட்டில் அதிகம் வெளியேறும் என்பதால் அந்த நேரத்தில் மூடி வைக்காதீர்கள்.

லேமினேட் ஒட்டாத வெட்டு விளிம்புகள், அலமாரியின் பின்பலகை, கீல் துளைகள், சிங்க் கட் அவுட் ஓரம் எல்லாம் பசை நேரடியாகக் காற்றில் படும் இடங்கள். கார்பென்டரைக் கூப்பிட்டு எட்ஜ் பேண்ட் ஒட்டச் சொல்லுங்கள், முடியாத இடத்தில் இரண்டு கோட் சீலர் அடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது பின்பலகைதான். இனி பலகை வாங்கினால் ஃபார்மால்டிஹைடு குறைவு என்று காட்டும் இ1 அல்லது இ0 முத்திரை பார்த்து வாங்குங்கள்.

ஏர் ப்யூரிஃபையர் வாங்குவதானால், ஹெபா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், ஃபார்மால்டிஹைடைப் பிடிக்காது. அதற்கு ஃபார்மால்டிஹைடுக்கென்றே வேதிப்பொருள் ஏற்றிய ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும், அதுவும் கிலோ கணக்கில். மெல்லிய கறுப்புப் பஞ்சு மாதிரி வருவது சீக்கிரமே நிறைந்துவிடும். தூசிக்கு அளவு பார்க்க எளிய கணக்கு: அறையின் கன மீட்டரை 5ஆல் பெருக்குங்கள். 34 × 5 = 170. மணிக்கு 170 கன மீட்டர் சுத்தமான காற்று தரும் கருவி உங்கள் அறைக்குச் சரி.

கொசுவத்திச் சுருள் ஏற்றும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவு என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதை வைத்துக்கொண்டு ஸ்பைடர் பிளான்ட் வாங்குவதில் பொருளே இல்லை.


தொட்டிமண்

மேலே சொன்னது சரி. ஆனா அதுக்காகச் செடியே வேண்டாம்னு ஆகாது. பார்க்கறதுக்கு நல்லா இருக்கு, அதுவே போதுமான காரணம். எது பிழைக்கும்னு பார்த்து வாங்கணும், அவ்வளவுதான்.

வெளிச்சத்தை அளக்காம நர்சரிக்குப் போகாதீங்க. போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, செடி நிக்கப்போற உயரத்துல, மேகம் இல்லாத நாள்ல பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் பாருங்க. ஆப் துல்லியமா இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். 300க்குக் கீழ வந்தா எந்தச் செடியும் வளராது, சிலது மெதுவா சாகும், அவ்வளவுதான் வித்தியாசம். 500லேர்ந்து 1,000 வரை இருந்தா ராபிஸ் பாம், இசட்இசட், ஸ்நேக். 1,000க்கு மேல அக்லோனிமா, பீஸ் லில்லி, மணி பிளான்ட். அரேகா பாம், ரப்பர் செடி எல்லாம் 3,000க்கு மேல கேட்கும். அரேகாவைத்தான் எல்லாரும் இருட்டு மூலையில வைக்கறாங்க. அடி இலை ஒவ்வொண்ணா மஞ்சளாகி, ஆறு மாசத்துல நாலு குச்சி மிஞ்சும்.

வெளிநாட்டு வீடியோவில "தெற்கு ஜன்னல்தான் பெஸ்ட், வடக்கு வேஸ்ட்"னு சொல்றது நமக்குச் செல்லாது. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசிலேர்ந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான் சாயும். உங்க பால்கனிக் கதவு அந்த மாசங்கள்ல நல்ல வெளிச்சம் தரும். கைப்பிடி ஓரத்துல அக்லோனிமா வெச்சிருந்தா மே மாசம் கருகும், உள்ளே ரெண்டு அடி இழுத்துடுங்க. தெற்கு ஜன்னலுக்கு வெயில் அதிகமா நுழையறது நவம்பர்லேர்ந்து ஜனவரி வரை.

உங்க ஹாலுக்கு: கதவிலேர்ந்து 3 அடிக்குள்ள ஒரு அரேகா, பக்கத்துல ஸ்பைடர் பிளான்ட். சோபா மூலைக்கு ராபிஸ் பாம். ஆனா 12 அடி உள்ளேன்னா அதுக்கும் வெளிச்சம் பத்தாது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒரே மாதிரி ரெண்டு தொட்டி வாங்கி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பால்கனி நிழலுக்கும் மூலைக்கும் மாத்தி மாத்தி வைக்கறது. இன்னொண்ணு, 20 வாட் எல்இடி டியூப், 6500 கெல்வின், இலைக்கு ஒரு அடி மேல, தினமும் 12 மணி நேரம், டைமர் போட்டு. மாசம் 7 யூனிட் கரென்ட்தான். ஊதா கலர்ல விக்கற "குரோ லைட்" வேண்டாம். ஹால் மருந்துக்கடை போர்டு மாதிரி ஆயிடும், சாதா வெள்ளை டியூபே வேலை செய்யும்.

மேற்கு ஜன்னலுக்கு ஹோயா, ஹாவொர்த்தியா, பெப்பரோமியா. நடுவுல ஒரு மெல்லிய திரை. ஏசி காத்து நேரா இலையில அடிக்கற இடத்துல எதுவும் வைக்காதீங்க, முனை காயும், சிலந்திப்பேன் வரும்.

தண்ணிதான் உங்க வீட்டுல பெரிய தொல்லை. 1,100ல உப்பு மண்ணுல சேர்ந்து, ஸ்பைடர் பிளான்ட், அரேகா, கலாத்தியா எல்லாத்துக்கும் இலை முனை பழுப்பாகும். ஆர்ஓ கழிவுத் தண்ணியை ஊத்தலாம்னு சிலர் சொல்வாங்க. அது போர் தண்ணியை விட உப்பு, ஊத்தவே கூடாது. ஏசியிலேர்ந்து சொட்டற தண்ணியைப் பக்கெட்ல பிடிங்க, மீட்டர்ல வெச்சா பெரும்பாலும் 50க்குக் கீழதான் காட்டும். மூணு பங்கு ஏசி தண்ணிக்கு ஒரு பங்கு போர் தண்ணி கலந்தா 300 பக்கத்துல வரும், எல்லாத்துக்கும் சரி. கலாத்தியாவுக்கு மட்டும் மழைத்தண்ணி இல்ல ஏசி தண்ணி. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தொட்டியை பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போய், தொட்டி கொள்ளற அளவு மாதிரி மூணு மடங்கு இந்தக் கலவைத் தண்ணியை மெதுவா ஊத்தி வடிய விடுங்க. சேர்ந்த உப்பு கழுவிட்டுப் போகும்.

ஊத்தறதுக்குக் கிழமைக் கணக்கு வெக்காதீங்க. விரலை ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விட்டு, ஈரம் தெரியலைன்னா ஊத்துங்க. அடியில வழியற வரை ஊத்தணும், அரை மணி நேரத்துல தட்டைக் காலி பண்ணிடணும். ஹோயா, ஹாவொர்த்தியாவுக்கு மண் முழுசா காஞ்சப்புறம்தான். வீட்டுக்குள்ள செடி சாகறது பெரும்பாலும் தண்ணி பத்தாம இல்ல, அதிகமாகி வேர் அழுகி. அடி இலை மஞ்சள், தண்டு அடி கொழகொழன்னு, மண்ணுல சாக்கடை நாத்தம்னா அதுதான். பிடுங்கி, கறுத்த வேரை வெட்டிட்டு, புது மண்ணுல வெச்சு, நாலஞ்சு நாள் தண்ணி காட்டாதீங்க.


மணிப்பேட்டை

இவ்வளவு கணக்குப் போடுகிறீர்கள். டெல்லியில் கமல் மீட்டில் என்பவர் மூன்றே வகைச் செடியை வைத்து ஓர் அலுவலகக் கட்டடம் முழுக்கக் காற்றைச் சுத்தப்படுத்திக் காட்டியிருக்கிறாரே? அரேகா, ஸ்நேக், மணி பிளான்ட். 2009 டெட் பேச்சு இன்றைக்கும் இணையத்தில் இருக்கிறது. அது பொய்யா?


ஜன்னலோரம்

பொய் இல்லை. ஆனால் அவர் சொன்ன எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஆளுக்கு, தோள் உயர அரேகா நான்கு, இடுப்பு உயர ஸ்நேக் ஆறிலிருந்து எட்டு. கட்டடத்தில் 300 பேருக்கு 1,200 செடி. மணி பிளான்ட்டை மண் இல்லாமல் வளர்க்கச் சொன்னார். வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும் இயந்திர ஏற்பாடும் அந்தக் கட்டடத்தில் இருந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு "மூன்று செடி போதும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்று வகைக்கும் மூன்று தொட்டிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தொலைந்துபோகிறது.


மூணாவதுமாடி

நன்றி, நிறைய தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். இரவில் செடி கார்பன் டை ஆக்சைடு விடும், படுக்கையறையில் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார். கடைக்காரர் ஸ்நேக் பிளான்ட் இரவிலும் ஆக்சிஜன் விடும், தலைமாட்டில் வை என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று, பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைத்தால் மண் தொல்லையே இல்லையாமே, வைக்கலாமா?


ஜன்னலோரம்

இரண்டு பேருமே அளவைப் பார்க்காமல் பேசுகிறார்கள். ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறக்குறைய 1 கிலோ கார்பன் டை ஆக்சைடை மூச்சில் விடுகிறார். அதில் கார்பன் மட்டும் 270 கிராம். அதைச் செடி முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது செடியின் உடம்பாக மாற வேண்டும். காய்ந்த எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் கார்பன் என்பதால், தினமும் 600 கிராம் உலர்ந்த எடை, பச்சையாக 5 கிலோ அளவு, அறைக்குள் செடி வளர வேண்டும். உங்கள் ஸ்நேக் பிளான்ட் ஒரு மாதத்தில் ஓர் இலை விட்டால் பெரிது.

அது இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துச் சேமிப்பது உண்மை, வறண்ட இடத்துச் செடிகளின் வழக்கம் அது. ஆனால் அதை வைத்து ஆக்சிஜன் செய்வது பகல் வெளிச்சத்தில்தான். மற்ற செடிகள் இரவில் விடும் கார்பன் டை ஆக்சைடு பக்கத்தில் படுத்திருக்கும் பூனை விடுவதைவிடக் குறைவு. வைக்கலாம், கெடுதலும் இல்லை, பலனும் இல்லை. ஏசி அறையில் காலையில் தலை பாரமாக இருந்தால் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துப் படுங்கள்.


தொட்டிமண்

பாட்டில் மணி பிளான்ட் வெக்கறதுல பெரிய ஆபத்து கொசு. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு தேங்கின நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், அதுவும் தண்ணிக்குச் சற்று மேல பாட்டில் சுவத்துல ஒட்டி வைக்கும். தண்ணியை மட்டும் மாத்தினா முட்டை அங்கேயே இருக்கும். காஞ்சாலும் மாசக்கணக்கில தாங்கும், திரும்பத் தண்ணி பட்டதும் பொரியும். முட்டையிலேர்ந்து கொசு பறக்க ஏழெட்டு நாள் போதும். அதனால வாரத்துக்கு ஒரு நாள் கட்டாயம்: செடியை எடு, வேரைக் குழாயில அலசு, பாட்டில் உள்சுவத்தை பிரஷ் விட்டுத் தேய், புதுத் தண்ணி ஊத்து, வாயைப் பஞ்சு வெச்சு அடை. வாராவாரம் முடியாதுன்னா வெக்காதீங்க. தொட்டித் தட்டு, உருளியில பூ மிதக்க விடறது, எல்லாத்துக்கும் இதே கணக்கு.


பூனைவால்

குழந்தையும் பூனையும் இருப்பதால் மணி பிளான்ட்டே வேண்டாம். பீஸ் லில்லி, அக்லோனிமா, சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரான், இசட்இசட், டிஃபன்பேக்கியா எல்லாம் ஒரே குடும்பம். இலையில் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கும். கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும். இதில் டிஃபன்பேக்கியா மோசம். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, டாக்டரிடம் போங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஸ்நேக் பிளான்ட் தின்றால் பூனைக்கு வாந்தி, பேதி வரும்.

பொக்கேயில் வரும் நிஜ லில்லி பூவை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போகும். நர்சரியில் "சேகோ பாம்" என்று காட்டுவது பாம் வகையே இல்லை, சைக்கஸ். பூனை, நாய்க்கு ஈரலைத் தாக்கும், கொட்டைதான் மிகவும் விஷம்.

பயமில்லாமல் வைக்கலாம் என்றால்: அரேகா, ராபிஸ், ஸ்பைடர், பெப்பரோமியா, ஹோயா, ஹாவொர்த்தியா, கலாத்தியா, பாஸ்டன் ஃபெர்ன். ஸ்பைடரைப் பூனை விடாமல் கடிக்கும், விஷமில்லை, செடிதான் மொட்டையாகும். தொங்க விடுங்கள். தொட்டி மண்ணைத் தோண்டினால் மேலே பெரிய கூழாங்கல் பரப்புங்கள். குழந்தை வாயில் போட முடியாத அளவு, எலுமிச்சம்பழ அளவு கல்லாகப் பாருங்கள்.


திண்ணை

அழகுக்கு நான் சொல்கிறேன். 4 அங்குலத் தொட்டிகளைப் பத்து வாங்கி டிவி ஸ்டாண்டில் வரிசையாக வைப்பதைவிட, 4 அடி உயரத்தில் ஒரே பாம் வாங்கி மூலையில் நிறுத்துங்கள். 16 × 11 ஹாலுக்குத் தரையில் ஒரு பெரிய செடி, இடுப்பு உயர ஸ்டாண்டில் ஒன்று, மேலிருந்து தொங்குவது ஒன்று. அதற்கு மேல் வைத்தால் துடைக்கவும் தண்ணீர் ஊற்றவும் சலித்துவிடும், தூசி படிந்த இலை எந்த ஹாலையும் கெடுக்கும். மூன்று செடியின் இலையும் வேறு வேறு வடிவமாக இருக்கட்டும்: விசிறி, நாடா, வட்டம். தொட்டி நிறம் ஒன்றாகவே இருக்கட்டும்.

அலங்காரத் தொட்டியில் நேரடியாக நடாதீர்கள். ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடி, அதைத் தூக்கி உள்ளே இறக்கும்படி பீங்கான் அல்லது பித்தளைப் பாத்திரம், அடியில் இரண்டு அங்குலக் கல். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்ததும் திரும்ப வைக்கலாம். மண்தொட்டி அழகுதான், ஆனால் உங்கள் தண்ணீருக்கு வெளிச்சுவரில் வெள்ளை உப்பு பூக்கும், மார்பிள் தரையில் வளையம் விழும். 12 அங்குலத் தொட்டி செம்மண்ணோடு நனைந்தால் 20 கிலோ தாண்டும், சக்கரம் வைத்த தட்டில் வையுங்கள்.

இலை பளபளக்கத் தேங்காய் எண்ணெய், பால் தடவச் சொல்வார்கள். எண்ணெயில் தூசி ஒட்டி இலைத்துளை அடைபடும், பாலுக்கு எறும்பு வரும். ஈரத்துணி போதும், ஒரு கையால் இலையைக் கீழே தாங்கிக்கொண்டு.


மூணாவதுமாடி

அப்போது என் பட்டியல்: ஒரு அரேகா, இரண்டு ராபிஸ் மாற்றி மாற்றி, தொங்கும் ஸ்பைடர், படுக்கையறைக்கு ஹோயா. மண் கலவையும் பூச்சிக்கு என்ன செய்வதென்றும் சொல்லிவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிவிடுவேன்.


தொட்டிமண்

நல்ல பட்டியல். ஹோயாவுக்கும் ஸ்பைடருக்கும் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துண்டு) 1, மண்புழு உரம் 1, கரித்துண்டு அரை. பாமுக்கு இதே கலவையோட செம்மண் 1 பங்கு, சாயாம நிக்கும். 650 கிராம் கோகோபீட் கட்டி ஒண்ணு ஊறினா 8, 9 லிட்டர் வரும். அப்படியே போடாதீங்க, அதுலயும் உப்பு இருக்கும். ஊற வெச்சு, பிழிஞ்சு, புதுத் தண்ணி விட்டு, பிழியற தண்ணியோட டிடிஎஸ் ஊத்தின தண்ணி அளவுக்கு இறங்கற வரை அலசுங்க, மூணு தடவை ஆகும். வேப்பம்புண்ணாக்கு, பஞ்சகவ்யா எல்லாம் மாடித்தோட்டத்துக்கு வெச்சுக்கோங்க, ஹாலுக்குள்ள நாறும், மண்ணுல குட்டிக் கொசு மாதிரி பறக்கற பூச்சி வரும். அது வந்துட்டா மேல் மண்ணை ரெண்டு அங்குலம் காய விட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை குத்தி, ஒரு அங்குலம் பெருமணல் பரப்புங்க.

உரம் 19-19-19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவு), லிட்டருக்கு ஒரு கிராம், மாசம் ஒரு தடவை. ஏசி தண்ணியில சத்தே இல்லங்கறதால இதை விட்டுடாதீங்க.

நர்சரியில இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி, வெளிறின புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் இருந்தா சிலந்திப்பேன். ரெண்டுல எது இருந்தாலும் வாங்காதீங்க. அரேகா தொட்டியைத் தூக்கி அடி ஓட்டையைப் பாருங்க, வேர் கொஞ்சம் எட்டிப் பார்த்தா நல்லது, கறுத்து நாறினா வேண்டாம். ஆந்திரா கடியம் பக்கத்துலேர்ந்து வர்ற செடி பெரும்பாலும் களிமண் உருண்டையில இருக்கும், காஞ்சா செங்கல் மாதிரி ஆகி தண்ணி உள்ளே இறங்காது. வந்த அன்னிக்கே மாத்தாம பத்து நாள் பால்கனி நிழல்ல தனியா வைங்க, பூச்சி இருந்தா அதுக்குள்ள தெரியும். அப்புறம் உருண்டையை ஒரு மணி நேரம் தண்ணியில ஊற வெச்சு, ஓரத்துக் களிமண்ணை மட்டும் விரலால உதிர்த்துட்டு, பழைய தொட்டியை விட ரெண்டு அங்குலம் மட்டும் பெரிசா ஒரு தொட்டியில நடுங்க. பாமுக்கு வேரை முழுசா கழுவினா புது வேர் பிடிக்காம போயிடும்.

பின்னாடி பூச்சி வந்தா, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., பாத்திரம் கழுவுற திரவம் 2 மி.லி. நல்லா குலுக்கி, சாயங்காலம் இலைக்கு அடியில அடிங்க. ஆறு நாளுக்கு ஒரு தடவைன்னு மூணு தடவை, முட்டை பொரிஞ்சு வர்றதையும் பிடிக்கணும்ல. மாவுப்பூச்சி நாலஞ்சுதான்னா 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சாலே போதும். காயற வரைக்கும் பூனையை அந்தப் பக்கம் விடாதீங்க.